சித்தப்பாவின் இருபத்தோரு வருடம்

சித்தப்பா மஞ்சப்பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது இரவு எட்டரை மணி. வெளிமாவட்டத்தில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் ஊருக்கு வருவார். அன்றைக்குப் புதன்கிழமை. சிதம்பரத்தில் இறங்கி குமராட்சி வழியாகக் கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். சாப்பிடக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "பாப்பா, இதுல கையெழுத்துப் போடலாமா வேணாமா, நீயே சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம்" என்றார்.

தாளில் நாலே வரி. இந்தத் துறையில் தன்னை நிரந்தரமாக ஈர்த்துக்கொண்டால், ஈர்த்துக்கொள்ளும் நாளில் அந்தப் பதவியில் இருக்கும் கடைசி ஆளுக்கும் கீழே தன் முதுநிலையை வைப்பதற்கு முழுமனதுடன் சம்மதிக்கிறேன் என்று அச்சடித்திருந்தது. கீழே பெயர், பதவி, கையெழுத்து. எந்த அரசாணையின்படி இதைக் கேட்கிறார்கள் என்ற எண்ணோ தேதியோ இல்லை.

"முழுமனதுடன்" என்ற வார்த்தையில்தான் எனக்குக் கண் நின்றது.

காட்டுமன்னார்கோயில், குமராட்சி, சிதம்பரம் பக்கத்துத் தோழர்களுக்குப் பின்கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. 2013 வரை அதன் நிர்வாகத்தில் நிறுவனர் குடும்பத்தின் கைதான் ஓங்கியிருந்தது. 2012 கடைசியில் சம்பளம் கொடுக்க முடியாத அளவுக்கு நிதி நெருக்கடி வந்தது. 2013-ல் அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது. அதே வருடம் தனிச்சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள். தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, ஆசிரியர்களை அரசுக் கல்லூரிகளுக்கும், ஆசிரியரல்லாதோரை மாநிலம் முழுவதும் பல துறை அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். "பணி நிரவல்" என்று அதற்குப் பெயர். அனுப்பப்பட்டவர்களுக்கு "உபரி" என்று பெயர்.

எங்கள் காலனியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். தோட்டம், துப்புரவு, விடுதிச் சமையல், ஆபீசில் பியூன். சித்தப்பா 1996-ல் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, 2004-ல் இளநிலை உதவியாளர் ஆனார். எங்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். 2017-ல் அவரை வெளிமாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள், அதே இளநிலை உதவியாளர் பதவியில். போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவு வந்தது, போனார். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

இருபத்தோரு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் அங்கே போன முதல் வாரத்தில், இருபத்திரண்டு வயதுப் பையன் "புதுசா வந்தவரே, அந்த டப்பால் கட்டை எடுங்க" என்றானாம். சித்தப்பா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சித்தி சிரிக்க மாட்டார்.

சமூகவியல் படித்தபோது சாதியைப் பற்றியும் அதிகார வர்க்கத்தைப் பற்றியும் நிறைய வாசித்தேன், ஒரு முதுநிலைப் பட்டியலை அப்போது கண்ணால் பார்த்ததில்லை. நம் இயக்கத்துப் பிள்ளைகளிலும் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். ஒரு பதவியில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் வரிசைப்படி எழுதி, பிறந்த நாள், பணியில் சேர்ந்த நாள், தகுதிகாண் பருவம் முடித்த நாள் என்று பத்திகள் போட்டிருப்பார்கள். முதலில் தற்காலிகப் பட்டியல் சுற்றுக்கு வரும், ஆட்சேபணை கேட்பார்கள், பிறகு இறுதிப் பட்டியல். அடுத்த பதவி உயர்வுக்குப் பேனல் போடும்போது இந்தப் பட்டியலின் மேலிருந்துதான் பெயர் எடுப்பார்கள். பத்து உதவியாளர் பணியிடம் காலியானால் மேலே உள்ள பத்துப் பேர். முப்பதாவது இடத்தில் இருப்பவர் எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். சித்தப்பா 2028-ல் ஓய்வு பெறுகிறார். கடைசி ஆளுக்கும் கீழே வைத்தால் அவர் இளநிலை உதவியாளராகவே வீட்டுக்கு வருவார்.

இட ஒதுக்கீட்டுக்காக நாம் போராடுவதெல்லாம் பெரும்பாலும் வாசலில்தான். உள்ளே போனபின் யார் கண்காணிப்பாளர் ஆவது, யாருடைய கையெழுத்தில் கோப்பு நகர்வது என்பதை இந்தப் பட்டியல் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு நுழைவில் உண்டு. பதவி உயர்வில் இட ஒதுக்கீடு இங்கே நடைமுறையில் இல்லை. அதனால் நம்மவர்களுக்குப் பணிமூப்பு ஒன்றுதான் ஏணி.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சீனியாரிட்டி என்ற ஒரு சொல்லுக்காக இந்திய அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. 1995-ல் 77-வது திருத்தம் பதவி உயர்வில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு தரலாம் என்றது. ஆனால் ஒதுக்கீட்டில் முன்னதாகப் பதவி உயர்வு பெற்றவரை, பின்னால் பதவி உயர்வு பெற்றுவரும் பொதுப்பிரிவுக்காரர் மறுபடி முந்திக்கொள்ளலாம் என்று நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. பதவியைக் கொடுத்துவிட்டு வரிசையில் பின்னால் தள்ளும் வேலை அது. அதைச் சரிசெய்ய 85-வது திருத்தம் வந்தது, பதவி உயர்வோடு அதன் விளைவான பணிமூப்பும் உண்டு என்று 17.6.1995 முதல் முன்தேதியிட்டு. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தம்பிக் கதை உண்டு. இனச்சுழற்சி வரிசைப்படியே முதுநிலையும் இருக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டத்தின் 40-வது பிரிவு சொன்னது. 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தேர்வில் எடுத்த தரவரிசைப்படிதான் முதுநிலை என்றாகிவிட்டது. அன்றைக்கு எத்தனை ஊரில் நாம் கூட்டம் போட்டோம்? நான் போடவில்லை. எனக்கு அது புரியவே ஒரு வருடம் ஆனது.

சித்தப்பா தாளோடு வந்த மறுநாள் காலையில் தம்பி ஒருவனை வரச்சொன்னேன். எங்கள் மாலை வகுப்பில் படித்து 2018 குரூப் 4-ல் தேறியவன். பக்கத்துக் காலனி. சித்தப்பா இருக்கும் அதே துறை, வேறு அலுவலகம், ஆனால் பட்டியல் ஒன்றுதான். அவன் உதவி செய்வான் என்று நினைத்துக் கூப்பிட்டேன். அவன் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்கா, நான் ஒன்னு சொன்னா கோவப்படக் கூடாது. இந்தத் தாள்ல தப்பு இல்ல."

சித்தப்பா அவனையே பார்த்தார்.

"நான் மூனு தடவ எழுதி நாலாவது தடவ பாஸ் பண்ணேன். எங்க லிஸ்ட்ல வெளியிலேருந்து வந்தவங்க பதினாலு பேரு. அவங்க பழைய சர்வீஸ எண்ணினா பதினாலு பேரும் எனக்கு மேல போயிடுவாங்க. சார் வேலைக்குச் சேந்த வருசந்தான் நான் பொறந்தேன். நான் எப்ப அசிஸ்டென்ட் ஆவறது?"

"அப்ப நான் பாத்த வேலையெல்லாம் வேலையில்லியா தம்பி?" என்றார் சித்தப்பா.

அவனிடம் பதில் இல்லை. எனக்கும் உடனே இல்லை. இரண்டு பேருமே நம் ஆட்கள். ஒருவருக்கு நியாயம் கேட்டால் இன்னொருவருடைய வயிற்றில் அடிக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் நம் கூட்டங்களில் நாம் செய்வது, ஆதிக்க சாதியை நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போவது. அன்றைக்கு அது உதவாது என்று தெரிந்தது. டீ போட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு வழக்கறிஞர் தோழர் போனில் கூடவே இருந்தார்.

முதலில் தெரிந்துகொண்டது, மாறுதல் எப்படி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொந்த விருப்பத்தில் ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குப் போனால் பணிமூப்பை இழக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அலகு விட்டு அலகு மாறுதல் வாங்கி ஊருக்குப் பக்கத்தில் வருகிறவர் கடைசி ஆளாகத்தான் சேர்கிறார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, அவர் கேட்டு வந்தார். அரசே தன் தேவைக்காக அனுப்பினால் கதை வேறு. கே. மாதவன் வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம், வேறு இடத்திலிருந்து வந்து ஈர்த்துக்கொள்ளப்பட்டவர் முன்பு அதற்குச் சமமான பதவியில் பார்த்த காலத்தையும் எண்ண வேண்டும் என்றது. 1999 டிசம்பரில் வந்த ரூப்லால் தீர்ப்பு இன்னும் தெளிவு. எல்லைப் பாதுகாப்புப் படையிலிருந்து தில்லி காவல்துறைக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர்களின் வழக்கு அது. அயற்பணியில் அந்தப் பதவியில் அமர்ந்த நாள், அல்லது பழைய துறையில் அதே பதவியில் அமர்ந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூப்பு என்று 1986-ஆம் ஆண்டு மத்திய அரசின் குறிப்பாணை ஒன்று இருந்தது. பிந்தியது என்பது செல்லாது, முந்தியதை எடு என்றது நீதிமன்றம். 2001 மார்ச்சில் மத்திய அரசும் குறிப்பாணையை அப்படியே மாற்றிக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தை, "பிந்திய" என்பது "முந்திய" ஆனது. எத்தனை பேருடைய வாழ்க்கை அதில் மாறியிருக்கும்!

சித்தப்பா முகம் மலர்ந்தது. வழக்கறிஞர் தோழர் விடவில்லை. "மறுபக்கத்தையும் படிம்மா" என்றார். மறுபக்கம் கே. சாவித்திரி வழக்கு, 1998. உபரி என்று அறிவிக்கப்பட்டு அகில இந்திய வானொலியில் மறுபணியமர்த்தம் செய்யப்பட்டவர்கள் பழைய சேவையைப் புது இடத்து மூப்புக்கு எண்ண முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. வேலையே போயிருக்க வேண்டியவருக்கு அரசு இன்னொரு வேலை கொடுத்தது, அது சலுகை, சலுகைக்கு மேல் மூப்பும் கேட்காதே என்பது அதன் சாரம். அரசுத் தரப்பு நம் ஆட்களுக்கு எதிராக எடுக்கப்போவது இதைத்தான். "உபரி" என்ற சொல்லை ஏன் அவ்வளவு கவனமாக எழுதுகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டால் வழக்கில் பாதியை ஒப்புக்கொண்ட மாதிரி.

என் பார்வையில் இதில் பேச இடம் உண்டு. மத்திய அரசில் உபரி ஊழியர்களுக்கென்று தனி விதிகள் உண்டு, அவற்றின் கீழ் வந்த தீர்ப்பு அது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தையே சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது அரசு. வேலை இல்லாமல் போனதால் ஊழியர்களை அனுப்பவில்லை. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருந்த துறைகளுக்கு அனுப்பினார்கள். சித்தப்பா போய் உட்கார்ந்த நாற்காலி இரண்டு வருடமாகக் காலியாக இருந்த நாற்காலி.

மூன்றாவதாக ஒரு வழக்கு இருக்கிறது, இளைய தோழர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். துவிஜேன் சந்திர சர்க்கார் வழக்கு. மறுவாழ்வுத் துறையிலிருந்து தபால் தந்தித் துறைக்குப் பொதுநலன் கருதி மாற்றப்பட்டவர்கள். புதுத் துறையில் பணிமூப்பு கிடையாது என்ற நிபந்தனையோடுதான் வந்தார்கள். ஆனால் பதினாறு வருடம் முடித்தால் கிடைக்கும் காலமுறைப் பதவி உயர்வுக்குப் பழைய சேவையை எண்ணியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூப்பு என்பது இன்னொருவரோடு ஒப்பிட்டு வருவது, சேவைக்காலம் என்பது அவரவருடையது. முதலாவதை இழந்தால் இரண்டாவதும் போய்விடாது.

இதைப் படித்ததும் நான் சித்தப்பாவின் வருடங்களைப் பிரித்து எழுதினேன். 1996 முதல் 2004 வரை அலுவலக உதவியாளர். அது வேறு பதவி, இளநிலை உதவியாளர் பட்டியலில் அதைக் கேட்க முடியாது. அவருக்கு இது பிடிக்கவில்லை. "எட்டு வருசம் போச்சா?" என்றார். போகவில்லை. பத்து வருடத்தில் தேர்வு நிலை, இருபது வருடத்தில் சிறப்பு நிலை என்பதில் அந்தந்தப் பதவியில் பார்த்த பழைய காலமும் சேர வேண்டும். ஓய்வூதியத்தில் 1996-லிருந்து ஒவ்வொரு நாளும் சேர வேண்டும். 1.4.2003-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியம் கிடையாது என்பதால், இன்று அவரைப் "புதிதாகச் சேர்ந்தவர்" என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் நட்டம் பதவி உயர்வோடு நிற்காது. 2004-லிருந்து இளநிலை உதவியாளர், ரூப்லால் தீர்ப்புப்படி கேட்டால் இந்தத் தேதி. 2017-லிருந்து அந்தத் துறையிலேயே, அந்த நாற்காலியிலேயே வேலை. என்ன வாதம் செய்தாலும் இந்த வருடங்களை அழிப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கொடுத்த தாள் இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் அழிக்கிறது.

இந்த இடத்தில் தாத்தா ஞாபகம் வராமல் இருக்க முடியவில்லை. அவர் ஊருக்கு வெட்டி. தாசில்தார் வந்தால் கூட ஓடுவது, தண்டோரா போடுவது, சாவு சொல்லப் போவது, ராத்திரியில் வாய்க்கால் காவல். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை முன்சீப், கணக்குப்பிள்ளை பதவிகளை ஒழித்தபோது மேலே இருந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கீழே இருந்த வெட்டியும் தலையாரியும் எங்கும் போகவில்லை. கிராம உதவியாளர்களை 1.6.1995-லிருந்துதான் முழுநேர ஊழியர்களாக ஆக்கினார்கள். தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார் என்பது எங்களுக்குத் தெரியும், எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சித்தப்பாவுக்குப் பணிப்பதிவேடு இருக்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறது. எண்ணத்தான் ஆள் இல்லை.

மறுபடியும் தம்பியிடம் வருகிறேன். அவனுடைய கேள்வி அப்படியே நின்றது. பிற்பகல் வரை பேசினோம். கடைசியில் அவனே ஒன்று கேட்டான்: "அக்கா, பதினாலு பேரச் சேத்தாங்களே, மேல எத்தன அசிஸ்டென்ட் போஸ்ட் கூட்டுனாங்க?"

ஒன்றுகூட இல்லை. அடிப்படைப் பதவியில் பதினாலு பேரை ஏற்றிவிட்டு, மேல்படியை அதே அகலத்தில் வைத்திருக்கிறார்கள். முன்பே அங்கிருந்தவர்களும் வந்தவர்களும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்ளத்தான் இது வழிசெய்யும். ஈர்த்துக்கொள்ளப்பட்டவர்களின் பதவி உயர்வுக்கு அவர்கள் ஓய்வு பெறும் வரை மட்டும் கூடுதல் பணியிடம் உருவாக்கினால், தம்பியின் வரிசையும் கெடாது, சித்தப்பாவின் வருடங்களும் கெடாது. ஓய்வு பெற்றதும் அந்தப் பணியிடம் தானாகவே போய்விடும். அரசுக்குச் செலவு உண்டுதான். ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் சீர்கேட்டுக்கான விலையைக் கடைநிலை ஊழியர்களுடைய வருடங்களில் எடுப்பதைவிட அது மலிவு. சங்கங்களில் இருக்கும் நம் தோழர்கள் "எங்களை மேலே வை" என்றும் "அவர்களைக் கீழே வை" என்றும் தனித்தனியாக மனுக் கொடுக்காமல், இந்த ஒரு கோரிக்கையை இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் என்ன? கேட்டுப் பார்த்தேன். ஒரு சங்கத்தில் "பார்க்கலாம்" என்றார்கள். இன்னொன்றில் என் சாதியைக் கேட்டார்கள்.

எல். இளையபெருமாள் நம் காட்டுமன்னார்கோயில்காரர். அவர் தலைமையிலான குழு 1965-ல் அமைக்கப்பட்டு 1969-ல் அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதும் தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் போய்ப் பார்த்து எழுதியவர்கள். அவர் படம் எங்கள் படிப்பகத்தில் மாட்டியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் அன்றைக்குப் பதில் மனுவை எழுதினோம். தம்பிதான் தட்டச்சு செய்தான்.

சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதவில்லை. அது ஆபத்து, ஈர்த்துக்கொள்வதே வேண்டாம் என்கிறார் என்று திரித்துவிடலாம். நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று முதல் வரி. 2017-ல் அரசின் உத்தரவால் வந்தேன், என் வேண்டுகோளால் அல்ல என்று இரண்டாவது. இளநிலை உதவியாளர் பதவியில் முன்பு பணியாற்றிய காலத்துக்கான மூப்பு உரிமையையும், ஊதியம், ஓய்வூதியத்துக்கான மொத்தச் சேவைக்காலத்தையும் விட்டுக்கொடுக்காமல் இந்தச் சம்மதத்தைத் தருகிறேன் என்று மூன்றாவது. படிவத்தில் உள்ள நிபந்தனை எந்த அரசாணையின் எந்தப் பத்தியின்படி கேட்கப்படுகிறது என்று தெரிவிக்கும்படி நான்காவது. "உபரி" என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. பணிப்பதிவேட்டில் 1996, 2004, 2017 பதிவுகள் உள்ள பக்கங்களின் நகலை இணைத்தோம். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து வருடம் கழித்து வழக்குப் போட்டால், அன்றைக்கே சம்மதித்தாயே, இவ்வளவு காலம் எங்கே இருந்தாய் என்று இரண்டு கேள்வி வரும், இரண்டுமே வலுவான கேள்விகள் என்று வழக்கறிஞர் தோழர் சொல்லியிருந்தார். தேதியோடு ஒரு தாள் நம் கையில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பிரிவில் கொடுத்தபோது வாங்க மாட்டோம் என்றார்கள். அச்சடித்த படிவம்தான் வேண்டுமாம், சொந்தமாக எழுதியது செல்லாதாம். சித்தப்பா வாதாடவில்லை. பக்கத்துத் தபால் ஆபீசுக்குப் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அதே அலுவலகத்துக்கே அனுப்பினார்.

அட்டை ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. அலுவலக முத்திரை, தேதி, யாரோ ஒருவரின் சுருக்கொப்பம். பணிப்பதிவேட்டு நகலோடு மஞ்சப்பையில் வைத்திருக்கிறார். தற்காலிகப் பட்டியல் இன்னும் சுற்றுக்கு வரவில்லை. தம்பி வாரம் ஒருமுறை கேட்டுச் சொல்கிறான், "இன்னும் வரலக்கா" என்று. வந்த அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் பெயர் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும்.